முத்திரையை விட்டு இறங்கியவர்கள்

பனைவிளாகத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஹாப்வுட் கல்லூரி எங்கே என்று கேட்டுப் பாருங்கள், "ஒரு ஆடு நிக்கும், அதுக்கு எதுத்தாப்புல" என்பார்கள். அந்த ஆட்டைச் சுற்றி வந்து பார்த்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அதன் இடது பக்கம்தான் உங்கள் கண்ணில் படும், வலது பக்கத்தை இந்த எழுபத்தாறு வருஷத்தில் பார்த்தவர் ஒருவர்கூடக் கிடையாது. பழைய தாள் நிறத்தில், ஒரு கொம்பும் தாடியுமாக, எதையோ மென்றபடி அது பாட்டுக்கு நிற்கும்.

அது கல்லூரியின் முதல் முத்திரையில் இருந்த ஆடு. கல்லூரியைத் தொடங்கிய வெள்ளைக்காரப் பாதிரியாரை ஊர்க்காரர்கள் ஹாப்வுட் ஐயர் என்றுதான் கூப்பிட்டார்கள். மனுஷன் நல்லவர், ஆனால் படம் வரையச் சுத்தமாக வராது. முத்திரைக்காக அவர் வரைந்து கொடுத்த கிரீடத்தையாவது ஒரு மாதிரி அடையாளம் கண்டுபிடிக்கலாம், அதற்குக் கீழே இருந்த ஆண்டவரின் ஆட்டுக்குட்டி என்ன பிராணி என்பது ஆண்டவருக்கே வெளிச்சம். செதுக்கிய ஆசாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக் கொட்டிலில் கட்டியிருந்த வெள்ளாட்டைத் தாடியோடு செதுக்கிக் கொடுத்துவிட்டார். ஐயரும் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, இதுவும் தேவனுடைய சிருஷ்டிதானே என்று பீரோவில் வைத்துக்கொண்டார்.

சுதந்திரம் வந்த மறு வருஷம், கிரீடம் போட்ட முத்திரை இனி நமக்கு எதற்கு என்று கிரீடத்தையும் ஆட்டையும் சேர்த்துத் தூக்கிவிட்டுப் பனைமரம் போட்ட முத்திரை செய்தார்கள். புது முத்திரையை முதல் தாளில் அழுத்திய அன்று காலை ஆடு வாசலில் நின்றது, கிரீடம் கிணற்றடியில் கிடந்தது. யாரும் கூச்சல் போடவில்லை. இத்தனை வருஷம் கல்லூரிக்காக உழைத்த ஜீவன், போக்கிடம் இல்லாமல் வந்து நிற்கிறது, தண்ணீர் வையுங்கள் என்றார் அப்போதைய பிரின்ஸ்பால். ஒரு பக்கம் மட்டுமே உள்ள கிரீடத்தை யார் தலையிலும் வைக்க முடியாதில்லையா, அதனால் ஹாஸ்டல் சமையலறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அண்டை கொடுத்தார்கள், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. எழுபத்தொன்பதில் பனையை எடுத்துவிட்டு மூன்றாவது முத்திரை வந்தபோது பனை போய் கெமிஸ்ட்ரி லேபுக்கு முன்னால் நின்றுகொண்டது. நுங்கு வெட்ட ஏறிய ஆள் பாதி வெட்டிவிட்டு இறங்கி வந்து, "அந்தப் பக்கம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி, கை வெறும் காத்துல போவுது" என்று சொல்லிவிட்டுப் பாளை அரிவாளைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

இந்தக் கல்லூரிக்கு இன்னொரு வழக்கம் உண்டு, அதைச் சொல்லாமல் மேலே போனால் கதை விளங்காது. யார் எந்த வருஷம் படித்தார்களோ அந்த வருஷத்து முத்திரைதான் அவர்கள் தாளில் விழ வேண்டும். படித்து எத்தனை காலம் ஆகியிருந்தாலும் சரி, சர்டிபிகேட்டைத் தொலைத்துவிட்டு நகல் கேட்டு வந்தால், பீரோவைத் திறந்து அந்தக் காலத்து மெஷினை எடுத்து, தாளை நடுவில் வைத்துக் கைப்பிடியை அழுத்துவார்கள். மையெல்லாம் கிடையாது, உருவம் தாளிலேயே புடைத்துக்கொண்டு வரும். ஆனால் உருவம் இறங்கிப் போய்விட்ட முத்திரை வட்டமாக எழுத்தை மட்டும்தான் புடைக்கும், நடுவில் வழுக்கையாக இருக்கும். அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். தாளை ஆட்டிடம் கொண்டுபோனால் அது விலாவை ஒரு தடவை சாய்க்கும், வழுக்கையில் ஆடு வந்துவிடும். பனைக்காரர்கள் மரத்தில் வைத்துத் தேய்த்தால் போதும். ஆட்டிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், அசந்தால் தாளைத் தின்றுவிடும்.

மூன்றாவது முத்திரையில் இருந்தது ஒரு பெண்பிள்ளை. அந்த வருஷம்தான் ஹாப்வுட் கல்லூரி பெண்களைச் சேர்த்தது, சேர்ந்தது ஒரே ஒருத்தி, பெயர் ஜெபக்கனி, பாட்டனி முதல் வருஷம். இலையும் வேரும் வரைந்து கை பழகிய பாட்டனி பேராசிரியர் தர்மக்கண் அவளை ஜன்னலோரம் மடியில் புத்தகத்தோடு உட்காரவைத்து, "அசையாத பிள்ள, பக்கத்தத் திருப்பாத" என்று ஆறு நாள், ஏதோ ஆலிலையை வரைகிற மாதிரி வரைந்தார். இடது பக்கத்திலிருந்துதான் வரைந்தார், வெளிச்சம் அங்கேதான் இருந்தது. முதல் நாள் அன்று ஜெபக்கனியின் அப்பா உப்பளத்துக்குப் போகிற அவசரத்திலும் சந்தைக்கு ஓடி ஒரு முழம் கனகாம்பரம் வாங்கி வந்து, 'காலேஜ் முத்திரைல எம் பிள்ள வரப்போவுது' என்று தன் கையாலேயே வைத்துவிட்டிருந்தார். ஆம்பளைக் கை, வலது காதுக்குப் பின்னால் ஒரு பக்கமாகத் தொங்க வைத்துவிட்டது, படத்தில் பூ விழவே இல்லை. அப்பாவிடம் அவள் அதைச் சொல்லவும் இல்லை.

மறு வருஷம் அந்த அப்பா உப்பளத்திலேயே மயங்கி விழுந்து செத்துப்போனார். கீழே மூன்று தம்பி தங்கைகள். கல்லூரி இரக்கப்பட்டு ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை கொடுத்தது. பாட்டனி லேபிலிருந்து ஆபீஸ் எட்டே எட்டுப் படி, ஜெபக்கனி அந்த எட்டுப் படியை இறங்கி வந்தவள்தான். சர்டிபிகேட் கவுன்டரில் உட்கார்ந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகத் தன் முகத்தையே ஊரார் பட்டத்தில் அழுத்திக் கொடுத்தாள். டாக்டராகப் போனவன் தாளில் அவள் முகம், துபாய் போனவன் தாளில் அவள் முகம், அவள் பேரில் மட்டும் ஒரு தாளும் இல்லை. அவளுடைய டி.சி. எண்பதாம் வருஷத்துப் புத்தகத்தில் கிழிக்கப்படாமலேயே கிடந்தது. அதே கல்லூரியில் வேலைக்குச் சேர டி.சி. எதற்கு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

இப்படி இருக்கையில், அவள் ஓய்வுபெற ஏழு மாதம் இருந்தபோது, புதிதாக வந்த கரஸ்பாண்டென்ட் முத்திரையை மாற்றப்போவதாகச் சொன்னார். செல்போனில் பார்த்தால் பிள்ளை முகம் தெரியவில்லையாம், தாளில் ஈ உட்கார்ந்த மாதிரி இருக்கிறதாம். சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து, மூன்று வளைகோடும் மேலே ஒரு புள்ளியும் போட்டுக் காட்டி, கோடு அறிவு, புள்ளி எதிர்காலம் என்று ஒரு மணி நேரம் விளக்கினார்கள். எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் ஹாஸ்டல் வார்டன் மட்டும் எழுந்து, "அப்ப அந்தப் பிள்ள இறங்கி வந்துருமே, அதுக்குக் கட்டில் எந்த ரூம்ல போட?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து கல்லூரி முழுக்க அதே பேச்சுத்தான். ஆடு வந்தபோது புல், பனைக்குத் தண்ணீர், இது வயசுப் பிள்ளையாயிற்றே, என்ன சாப்பிடும், ஒரு பக்கம் மட்டும் உள்ள பிள்ளை ஒருக்களித்துத்தான் படுக்குமா, போர்வை பாதி போதுமா என்றெல்லாம் பேசினார்கள். மெஸ்காரர் அதுவும் தாள்தான் தின்னுமோ என்று பயந்து பழைய கேள்வித்தாள்களைக் கட்டி வைத்தார். தமிழ்த்துறையில் ஒரு வரவேற்பு மடல் எழுதினார்கள். வாட்ச்மேன் ஆவுடையப்பன் ஆட்டிடம் போய், "துணைக்கு ஆள் வருது ஓய்" என்று சொன்னார்.

பிரின்ஸ்பால் மதுரநாயகம் வேறு கணக்குப் போட்டிருந்தார். பழைய மெஷினை வழுக்கையாக்கிவிட்டுப் பிள்ளை இறங்கிவிடும், சரி. நாற்பத்து மூன்று வருஷம் படித்து வெளியேறியவர்கள் நகல் கேட்டு வந்தால் யார் விலாவைச் சாய்ப்பது? அவர் ஜெபக்கனியின் கவுன்டருக்கு வந்து, பக்கத்தில் ஒரு புது நாற்காலியைப் போட்டார்.

"ஜெபக்கனிம்மா, பிள்ளைய இங்கனயே உக்கார வச்சிருவோம். தாள் வந்தா கன்னத்த ஒரு தடவ வச்சு எடுத்தாப் போதும். உங்களுக்கும் துணையா இருக்கும். நீங்க ரிட்டயர் ஆன பொறவு கவுன்டர அதுவே பாத்துக்கிடும்."

"எவ்வளவு நாளைக்கு சார்?"

"அதுக்குத்தான் வயசாகாதே. எந்நாளைக்கும்." அவர் அதை நல்ல சேதி சொல்கிற முகத்தோடுதான் சொன்னார், பாவம், கெட்ட மனுஷன் இல்லை.

ஜெபக்கனி அந்த நாற்காலியையே பார்த்தாள். தான் இந்தக் கூண்டுக்குள் கிடந்தது போதாதா, அந்தப் பிள்ளையும் வந்து கிடக்கணுமா, அதுவும் ரிட்டயர்மென்ட்கூட இல்லாமல்? காலையில் வந்ததும் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டோர் ரூமில் வைப்பாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் யாரோ திரும்பக் கொண்டுவந்து போட்டிருப்பார்கள். அவள் மறுபடி தூக்கிக்கொண்டு போவாள். இரண்டு மாதம் இந்தக் கூத்து நடந்தது, ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கோபம் ஒரு பக்கம் என்றால் பயம் ஒரு பக்கம். அந்தப் பிள்ளை வந்து நின்று, ஏன் படிப்பை முடிக்கவில்லை, என் புத்தகத்தை என்ன செய்தாய் என்று கேட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது?

ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை புது முத்திரை வந்தது. கரஸ்பாண்டென்ட் முதல் தாளில் அழுத்தினார், மூன்று கோடும் ஒரு புள்ளியும் புடைத்தன, எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது.

பாவாடை தாவணி, நீளப் பின்னல், நெஞ்சோடு அணைத்த புத்தகம், தலையிலிருந்து கால்வரை சர்டிபிகேட் தாளின் வெளுப்பு. கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. நேராக நடந்துவந்தாலும் இடது பக்கம்தான் எல்லாருக்கும் தெரிந்தது. கவுன்டருக்கு முன்னால் ஒரு ஆள் தாளோடு நின்றிருந்தார், தொண்ணூற்று நாலில் படித்தவர், கப்பல் வேலை, சாயந்திரம் ரயில். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்று, தன் முறை வந்த மாதிரி கம்பிக்குள் எட்டிப் பார்த்தது அந்தப் பிள்ளை.

"அக்கா, பாட்டனி கிளாஸ் எங்கன நடக்கு?"

ஜெபக்கனி கையிலிருந்த பேனாவை மூடி வைத்தாள்.

"இந்தப் பக்கத்தையே எம்புட்டு நாள்தான் படிக்க? தர்மக்கண் சார் திருப்பவே விடல," என்று புத்தகத்தை விரித்துக் காட்டியது. பிறகு ஜெபக்கனியின் முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "நீங்க எங்க அம்ம மாதியே இருக்கீங்க" என்று சிரித்தது. வேறு எதையும் அது கேட்கவில்லை. ஏன் முடிக்கவில்லை என்று கேட்கவில்லை. அதற்கு இன்னும் ஒன்றும் நடந்திருக்கவே இல்லை, அப்பா உப்பளத்தில் இருந்தார், சாயந்திரம் வீட்டுக்கு வருவார்.

மதுரநாயகம் முன்னால் வந்து, கப்பல்காரரின் தாளைப் பழைய மெஷினில் வைத்து அழுத்திக் காட்டினார். எழுத்து புடைத்தது, நடுவில் மொட்டை. "பாத்தியாம்மா? இதுல கன்னத்த மட்டும் வையி. அந்தா உன் நாற்காலி."

பிள்ளை நாற்காலியைப் பார்த்தது, படியைப் பார்த்தது. "வைக்கேன் சார். பொறவு கிளாஸுக்குப் போலாம்லா?"

பிரின்ஸ்பால் திரும்பிப் பார்த்தார். வரிசையில் அதற்குள் இன்னும் நாலு பேர் தாளோடு வந்துவிட்டிருந்தார்கள். அவர் தாளைப் பிள்ளையிடம் நீட்டினார். பிள்ளை பின்னலை ஒதுக்கிவிட்டுக் குனிந்தது.

"வைக்காத!"

ஜெபக்கனி இவ்வளவு சத்தமாகப் பேசி அந்தக் கல்லூரி கேட்டதில்லை. ஆடுகூட மெல்லுவதை நிறுத்தியது என்று ஆவுடையப்பன் பிற்பாடு சொன்னார், அவர் சொல்வதில் பாதியைத்தான் நம்ப வேண்டும்.

"ஒரு தாளுக்கு வச்சா எல்லாத் தாளுக்கும் வைக்கணும். எனக்குத் தெரியும், நானும் ஒரு தாளுக்குத்தான் உக்காந்தேன். நீ மேல போ. எட்டுப் படி, வலது கைப்பக்கம் ரெண்டாவது ரூமு."

"ஜெபக்கனிம்மா, அது நம்ம ரோல்லயே இல்லியே, எப்படி கிளாஸ்ல..."

ஜெபக்கனி பீரோவிலிருந்து எண்பதாம் வருஷத்து டி.சி. புத்தகத்தை எடுத்து மேஜையில் போட்டாள். தூசி எழும்பியது. "டி.சி. வாங்காதவங்க பேர ரோல்ல இருந்து அடிக்கக் கூடாது. ஹாப்வுட் ஐயர் எழுதி வச்ச சட்டம், நான் நாப்பது வருஷமா ஊருக்கெல்லாம் சொல்லுத சட்டம். இந்தப் பிள்ள டி.சி. இன்னும் கிழிக்கல, பாருங்க."

அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "சரிம்மா. அப்ப இந்தத் தாளுக்கு?"

ஜெபக்கனி தன் கண்ணாடியைக் கழற்றினாள். கப்பல்காரரின் தாளை மேஜையில் நேராக வைத்து, இடது கன்னத்தை அந்த மொட்டை வட்டத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். தாள் குளுகுளுவென்று இருந்தது. அவள் நிமிர்ந்தபோது வட்டத்துக்குள் ஒரு முகம் புடைத்திருந்தது, பின்னலுக்குப் பதில் கொண்டை, மூக்கில் கண்ணாடி அழுத்திய தடம், கழுத்தில் இரண்டு சுருக்கம். கப்பல்காரர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஜெபக்கனியைப் பார்த்தார். "நாங்க படிக்கும்போது பாத்த முகத்துக்கு இதுதான் கரெக்டா இருக்கு மேடம்," என்று சொல்லி மடித்துப் பைக்குள் வைத்தார். ஒரு ஆபீஸும் அதைத் திருப்பி அனுப்பவில்லை. ஆபீஸ்காரர்கள் எங்கே படம் பார்க்கிறார்கள், புடைத்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

பிள்ளை அதற்குள் எட்டுப் படியும் ஏறிப் போயிருந்தது.

இரண்டு வருஷம் படித்தது. கூடப் படித்த பிள்ளைகள் அதற்கு இடது பக்கத்திலேயே இடம் பிடித்து உட்காருவதற்குச் சண்டை போட்டார்கள், அங்கிருந்து பேசினால்தானே கேட்கும். பரீட்சையில் இடது பக்கங்களில் மட்டும் எழுதியது, அதனால் கூடுதல் தாள் நிறைய வாங்கியது, அதற்கென்று ஒரு கட்டுத் தனியாக வைத்தார்கள். மெஸ்ஸில் தோசைதான் தின்றது, கேள்வித்தாளை ஆட்டுக்குப் போட்டார்கள். சாயந்திரம் மூன்று மணிக்குக் கவுன்டருக்கு வந்து, அன்றைக்குப் படித்ததையெல்லாம் கம்பி வழியாக ஜெபக்கனியிடம் ஒப்பிக்கும், வேர் எப்படித் தண்ணீர் குடிக்கிறது, விதை எவ்வளவு காலம் தூங்கும் என்று. ஜெபக்கனி தாள்களை அடுக்கியபடியே கேட்பாள், சில நாள் அடுக்குவதை மறந்துவிடுவாள். ஓய்வு பெற்ற பிறகும் செவ்வாயும் வெள்ளியும் வந்து கன்னம் வைத்துவிட்டுப் போனாள். அந்தப் புது நாற்காலியை மூன்று மணிக்கு வரும் பிள்ளைக்காகக் கம்பிக்கு வெளியே போட்டு வைத்தார்கள்.

ரிசல்ட் வந்தது. பி.எஸ்சி. தாவரவியல், முதல் வகுப்பு, பெயர் ஜெபக்கனி. மூன்று கோடும் ஒரு புள்ளியும் புடைத்த சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளை கவுன்டருக்கு வந்தது.

"அக்கா, டி.சி. வாங்கணும்."

ஜெபக்கனி பழைய புத்தகத்தைத் திறந்தாள். தாள் மஞ்சளாகியிருந்தது. படிப்பை முடித்தாரா என்ற கட்டத்தில் 'ஆம்' என்று எழுதினாள், நடத்தை என்ற இடத்தில் 'மிக நன்று' என்று எழுதினாள். பிள்ளை கையெழுத்துப் போட்டது, இரண்டு பேர் கையெழுத்தும் ஒன்றுபோலவே இருந்தது. அளவுகோலை வைத்து நிதானமாகக் கிழித்துக் கொடுத்தாள்.

"எங்க போவே?" என்று கேட்டாள், கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மேல படிக்கத்தான். வேற எங்க? வாரேன்க்கா."

பிள்ளை வராந்தாவைத் தாண்டி, ஆட்டைத் தட்டிக்கொடுத்து, வாசலுக்குப் போவதை ஜெபக்கனி ஜன்னலில் நின்று பார்த்தாள். கேட்டுக்கு வெளியே போய் பஸ் ஸ்டாப் பக்கமாகத் திரும்பியபோது அதன் வலது பக்கம் தெரிந்தது. தாளின் வெளுப்பு அந்தப் பக்கம் இல்லை. வெயிலில் கறுத்த பிள்ளைக் கை, ஊதாத் தாவணி, காதுக்குப் பின்னால் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டு ஒரு முழம் கனகாம்பரம், இப்போதுதான் வாங்கி வைத்த மாதிரி.

"எங்கப்பா வச்சுவிட்ட பூ," என்று ஜெபக்கனி சத்தமாகச் சொன்னாள். ஆபீஸில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "வாடவே இல்ல, பாருங்க. எங்கப்பா வச்சுவிட்ட பூ." கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, அவள் துடைக்கவில்லை.

பஸ் வந்து, நின்று, போயிற்று. கவுன்டரில் எண்பத்தாறில் படித்த ஒரு அம்மாள் தாளோடு காத்திருந்தாள். ஜெபக்கனி வந்து உட்கார்ந்து, "ஒரு நிமிஷம் பொறுங்கம்மா, கன்னம் ஈரமா இருக்கு" என்றாள்.